தூசி எங்கே போகும் என்று கேட்ட இன்ஜினியர்

ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானி வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, சர் சி.வி. ராமனைப் பற்றியோ விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்களைப் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆகவே நான் எழுதப்போவது கார்பெட் சுத்தம் செய்ய மெஷின் கண்டுபிடித்த ஒருவரைப் பற்றி. சிரிக்காதீர்கள். அவரும் நம்மைப் போல டிப்ளமோக்காரர்தான்!

இந்த ஆளை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் அக்கா. அக்காவும் மாமாவும் இரண்டு பையன்களோடு லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனில் இருக்கிறார்கள். வாடகை வீடு. நம்ம ஊர் மாதிரி சிமெண்ட் தரையோ மொசைக்கோ கிடையாது. ஹாலில், படுக்கையறையில், ஏன், மாடிப்படியில்கூட ஆணியடித்து ஒட்டிய கார்பெட். மழைக்காலத்தில் ஷூவோடு உள்ளே ஓடி வரும் பிள்ளைகள், சிந்திய பால், பிஸ்கட் தூள் எல்லாம் அதற்குள்ளேதான். இளையவனுக்கு நான்கு வயது. ராத்திரியில் வீசிங். வீட்டில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடைக்குப் போனால் நாற்பது வகை மெஷின் நிற்கிறதாம். மெக்கானிக்கல் படிக்கிறாயே, எதை வாங்கலாம் சொல்லு என்று போனில் கேட்டாள்.

நானும் பெரிய மேதாவி மாதிரி, வாட்ஸ் எதில் அதிகமோ அதை எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். மறுநாளே திரும்பக் கூப்பிட்டாள். வீட்டு வாக்யூம் கிளீனருக்கு 2014-ல் 1600 வாட், 2017-ல் 900 வாட் என்று ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு வைத்துவிட்டது, பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்ததால் அங்கேயும் அதே விதி வந்துவிட்டது என்று கடைக்காரன் சொன்னானாம். அப்படியானால் நீ படிக்கிற படிப்பு எதற்கு என்று சிரித்தாள். அவள் சிரித்தது பரவாயில்லை. பின்னால் சின்னவன் இருமுகிற சத்தம் கேட்டது. அதுதான் என்னை நூலகத்துக்கு விரட்டியது.

அங்கே அறிமுகமானவர் ஹியூபர்ட் செசில் பூத்.

1871-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி இங்கிலாந்தில் க்ளாஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அந்த ஊரிலேயே. 1889-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த சென்ட்ரல் டெக்னிக்கல் காலேஜில் சேர்ந்தார். சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்ற அமைப்பு, தொழில் தெரிந்த பொறியாளர்களை உருவாக்க நடத்திய கல்லூரி அது. மூன்று வருடப் படிப்பு. சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் வில்லியம் காதார்ன் அன்வின் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் படித்து டிப்ளமோ வாங்கினார். மூன்று வருடம், டிப்ளமோ! இதைப் படித்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. அவருக்கு அரியர் இருந்ததா என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

1892 கடைசியில் மாட்ஸ்லே சன்ஸ் அண்ட் ஃபீல்டு என்ற கம்பெனியில் வேலை. லேத்தைப் பற்றிப் படிக்கும்போது நாம் மனப்பாடம் செய்கிற ஹென்றி மாட்ஸ்லே ஆரம்பித்த அதே கம்பெனிதான். டிராயிங் ஆபீஸில் பலகை முன்னால் நின்று போர்க்கப்பல் இன்ஜின்களுக்குப் படம் போட்டார். பிறகு அவரை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அது ராட்சத ராட்டினம். நம்ம ஊர்ப் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி இல்லை. இருபது மாடி உயரம். லண்டன், பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் என்று நான்கு ஊர்களில் அந்தக் காலத்தில் எழுந்த ராட்டினங்களின் வேலையில் பூத்தின் கை உண்டு. மற்ற மூன்றும் இன்று இல்லை. 1897-ல் எழுந்த வியன்னா ராட்டினம் மட்டும் இன்றும் சுற்றுகிறது. உயரம் ஏறக்குறைய 65 மீட்டர். இரண்டாம் உலகப்போரில் தீப்பிடித்து, போருக்குப் பிறகு பாதிப் பெட்டிகளோடு மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்த ராட்டினத்தில் நம் எஸ்.ஓ.எம். பாடத்துக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு ஆரங்கள் தடித்த இரும்புத் தூண்களாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவை எஃகுக் கம்பிவடங்கள். சைக்கிள் சக்கரம் போல எல்லாம் இழுவிசையில் நிற்கின்றன. கனமான தூணால் தாங்கிப் பிடிப்பதைவிட மெல்லிய கம்பியால் இழுத்துப் பிடிப்பது சிக்கனம். தள்ளுவதா இழுப்பதா என்ற கேள்வியோடு அந்த இளைஞர் சில வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். அதனால்தான் அடுத்து நடந்தது அவர் கண்ணில் பட்டதோ என்னவோ. இது என் ஊகம்தான்.

1901-ஆம் ஆண்டு. லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் ஒரு செயல்விளக்கம். ரயில் பெட்டி இருக்கைகளைச் சுத்தம் செய்ய அமெரிக்காவிலிருந்து வந்த புது மெஷின். அழுத்தக் காற்றைப் பீய்ச்சி அடிக்கும். தூசி கிளம்பி மேலே வைத்திருக்கிற பெட்டிக்குள் போய் விழவேண்டும் என்பது ஏற்பாடு. கிளம்பியது உண்மை. ஆனால் பெட்டிக்குள் போனது கொஞ்சம். மீதி அறை முழுக்கப் பறந்து மறுபடியும் இருக்கைமேலேயே உட்கார்ந்தது.

நண்பர்களே, இதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒர்க்‌ஷாப் முடிகிற நேரத்தில் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து மெஷின்மேல் ஒரு அடி அடிக்கிறோம். நம் லேத் பளிச். பக்கத்து பேட்ச் லேத்தில் எல்லாத் தூளும். அவன் அதையே நம் பக்கம் திருப்பி அடிக்கிறான். முடிவில் எல்லார் தலையிலும் பொடி. (சுவாசத்துக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்று இன்ஸ்ட்ரக்டர் எத்தனை தடவை சொன்னாலும் நாம் விடுவதில்லை.)

பூத் அந்தக் கண்டுபிடிப்பாளரிடம் போய், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அதெல்லாம் நடக்காது, முயன்று பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூத் சில நாட்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு விக்டோரியா வீதியில் ஒரு உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோது, வெல்வெட் மாதிரித் துணி போட்ட நாற்காலியின் முதுகில் வாயை வைத்துப் பலமாக உறிஞ்சினார். மூச்சடைத்து இருமல் வந்துவிட்டது. பிறகு கைக்குட்டையை விரித்து அதன் வழியாக உறிஞ்சிப் பார்த்தார். துணியின் மறுபக்கம் கறுப்பாக ஒரு வட்டம். விடை கிடைத்துவிட்டது!

உறிஞ்சலாம் என்பது மட்டும் அந்த விடை இல்லை. யார் வேண்டுமானாலும் உறிஞ்சலாம். உறிஞ்சிய தூசி எங்கே போகவேண்டும், காற்று எங்கே போகவேண்டும் என்பதுதான் கேள்வி. காற்று துணி வழியாக வெளியே போய்விடவேண்டும், தூசி துணியிலேயே தங்கிவிடவேண்டும். பம்ப் பாதி வேலை, வடிகட்டி மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் என் அக்காவிடம் சொல்ல மறந்தேன். சொல்ல மறந்தேன் என்பதுகூடப் பொய். எனக்கே தெரியாது.

1901 ஆகஸ்ட் மாதமே பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார். வாக்யூம் கிளீனர் என்ற பெயர் அவரால்தான் வழக்கத்துக்கு வந்தது. அடுத்த வருடம் பிரிட்டிஷ் வாக்யூம் கிளீனர் கம்பெனி பிறந்தது.

இப்போது அந்த மெஷினைப் பாருங்கள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வரலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஒரு குதிரை வண்டி! சிவப்பு பெயிண்ட். வண்டிக்குள்ளே 5 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், அதனால் ஓடுகிற பிஸ்டன் பம்ப், பெரிய துணி வடிகட்டி. செல்லப் பெயர் பஃபிங் பில்லி. கார்பெட் இருக்கிற வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும். சீருடை போட்ட ஆட்கள் நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் ஒவ்வொரு அறையாக உறிஞ்சுவார்கள். வண்டி தெருவிலேயே நின்று தடதடக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கரண்ட் கிடையாது. அதனால் மின்சார மோட்டாரை நம்பி வீட்டுக்குள் மெஷின் வைக்க வழியில்லை.

அதுவரை கார்பெட் சுத்தம் என்றால் எப்படி? கழற்றி வெளியே கொடியில் போட்டுப் பிரம்பால் அடி அடியென்று அடிப்பார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. மேலே கிடக்கிற குப்பையை எடுக்க 1876-ல் அமெரிக்காவில் மெல்வில் பிஸ்ஸெல் பேட்டண்ட் எடுத்த தள்ளுவண்டித் துடைப்பம் இருந்தது. சக்கரம் உருண்டால் பிரஷ் சுற்றும், மேலோட்டமான குப்பை பெட்டிக்குள் போகும். இழைகளுக்கு அடியில் இறங்கிவிட்ட பொடி அப்படியே இருக்கும். கார்பெட் என்பது தரை இல்லை, நிற்கிற லட்சக்கணக்கான நூல். அதன் வேரில் தங்குவதை எடுக்கக் காற்று அங்கே வேகமாக ஓடவேண்டும்.

வண்டி வாசலில் நின்றால் பெரிய வேடிக்கை. சத்தத்தில் மிரண்ட குதிரைகளால் வண்டிக்காரர்களோடு தகராறு, வழக்கு. இன்னொரு பக்கம் சீமாட்டிகள் தோழிகளை டீக்கு அழைத்து, மெஷின் வேலை செய்வதைக் காட்டினார்கள். குழாயில் ஒரு பகுதியைக் கண்ணாடி போல உள்ளே தெரிகிற மாதிரி பூத் வைத்திருந்தார். தங்கள் வீட்டு அழுக்கு ஓடுவதைத் தாங்களே பார்க்கலாம். எவ்வளவு பெரிய வியாபார மூளை பாருங்கள்! தூசி போனது என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம் ஊரில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து மெத்தையில் ஒரு இழு இழுத்து, வெள்ளைத் துணியில் கறுப்பைக் காட்டி அம்மாவைத் திடுக்கிட வைத்த விற்பனையாளர்கள் நினைவிருக்கிறதா? அது பூத்தின் கைக்குட்டை வித்தையேதான்.

1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் முடிசூட்டு விழா. சிம்மாசனத்தின் கீழே விரித்த கார்பெட் அழுக்காக இருக்கிறது, கழற்றி அடிக்க நேரமில்லை. பூத்தின் மெஷினைக் கொண்டுவந்து விரித்த இடத்திலேயே சுத்தம் செய்தார்கள். மன்னர் கேள்விப்பட்டு அரண்மனையில் செய்துகாட்டச் சொன்னார். பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் வின்ஸர் கோட்டைக்கும் மெஷின் வாங்கினார்கள். அதற்குப் பிறகு விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நாணயம் அச்சடிக்கிற ராயல் மின்ட்டைச் சுத்தம் செய்துவிட்டு வண்டி கிளம்பும்போது போலீஸ் மறித்ததாக ஒரு கதை உண்டு. உறிஞ்சிய தூசியோடு ஏகப்பட்ட வெள்ளிப் பொடியும் வண்டிக்குள் போயிருந்ததாம்!

முதல் உலகப்போரின்போது நடந்ததுதான் என் மனதில் நின்றது. லண்டனுக்குத் தெற்கே கிரிஸ்டல் பேலஸ் என்ற பிரம்மாண்டமான கண்ணாடி மாளிகையைக் கடற்படைப் பயிற்சிக் கூடமாக்கி ஆயிரக்கணக்கான வீரர்களைத் தங்கவைத்திருந்தார்கள். ஸ்பாட்டட் ஃபீவர் என்ற கொடிய தொற்றுக் காய்ச்சல் பரவியது. டாக்டர்கள் என்ன செய்தும் அடங்கவில்லை. தூசிதான் காரணமோ என்று சந்தேகித்துப் பூத்தைக் கூப்பிட்டார்கள். 15 மெஷின்களை வைத்துத் தரை, சுவர், உத்தரம் எல்லாம் உறிஞ்சினார்கள். வெளியே போன தூசி 26 டன் என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் நின்றது. காய்ச்சல் நின்றதற்கு அந்த ஒன்றேதான் காரணமா என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் 26 டன்! நம் கல்லூரி பஸ் இரண்டை நிறுத்தினால்கூட அந்த எடை வராது. ஒரே கட்டடத்துக்குள் மனிதர்கள் மூச்சு விடுகிற காற்றுக்குப் பக்கத்தில் அவ்வளவும் கிடந்திருக்கிறது. அந்த கிரிஸ்டல் பேலஸ் இருந்த இடம் என் அக்கா வீட்டிலிருந்து சில மைல்தான்.

பூத் இவ்வளவு செய்தும் ஒன்றில் கோட்டை விட்டார். அந்தக் கதைக்கு வருவோம்.

மெஷின் பெரிது. ஆள் கூட்டம் வேண்டும். பணக்காரர்களுக்கும் தியேட்டர், ஹோட்டல், கடைகளுக்கும் சரி. அன்றாடம் பிள்ளைகள் ஓடுகிற சாதாரண வீட்டுக்கு? 1906-வாக்கில் ட்ராலி வாக் என்று மின்சாரத்தில் ஓடுகிற, சக்கரம் வைத்த வீட்டு மெஷின் ஒன்றை அவர் கம்பெனி கொண்டுவந்தது. விலை 35 கினி. லண்டன் வீடுகளில் வேலை செய்த ஒரு பெண்ணின் வருடச் சம்பளத்தைவிட அதிகம்! எடையும் அதற்கேற்ற எடை. மாடிக்குத் தூக்க வேலைக்காரர்கள் வேண்டும். வேலைக்காரர்கள் இருக்கிற வீட்டில் மெஷின் எதற்கு?

இதற்கிடையில் 1907-ல் ஒரு வழக்கு. வேறொரு கம்பெனி வாக்யூம் கிளீனர் என்ற சொல்லைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதை எதிர்த்துப் பூத்தின் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அது பொருளை விவரிக்கிற சாதாரணச் சொல்தான், யாரும் தனக்கே என்று கேட்கமுடியாது என்று தீர்ப்பானது. பெற்ற பிள்ளையின் பெயர் ஊர்ப் பொதுவாகிவிட்டது.

அதே 1907-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். ஏறக்குறைய அறுபது வயது. ஆஸ்துமா. கார்பெட் கூட்டுகிற போதெல்லாம் மூச்சு முட்டும். வேலையை விட்டால் சோறு இல்லை. ஒரு மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை இவற்றைச் சேர்த்து, சுற்றுகிற பிரஷ்ஷோடு ஒரு மெஷின் செய்தார். 1908 ஜூனில் பேட்டண்ட் கிடைத்தது. தோல் சாமான் வியாபாரம் செய்த அவருடைய உறவினர் வில்லியம் ஹூவர் அதை வாங்கித் தொழிற்சாலை ஆக்கினார். பிற்பாடு என்ன ஆயிற்று தெரியுமா? பூத்தின் சொந்த நாடான இங்கிலாந்தில் வீட்டை வாக்யூம் செய்வதற்கே ஹூவர் பண்ணுவது என்று பெயர் வந்துவிட்டது! என் அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள்.

பூத்துக்குத் தெரியாததா ஸ்பாங்ளருக்குத் தெரிந்தது? கல்வியில் பூத் எங்கே, ஸ்பாங்ளர் எங்கே! ஆனால் பூத் வாசலில் வண்டியை நிறுத்தி வெளியிலிருந்து வீட்டைப் பார்த்தார். ஸ்பாங்ளர் துடைப்பத்தின் நுனியில் நின்று இருமிக்கொண்டே பார்த்தார். பிஸ்டன் பம்ப் கனம். விசிறி இலேசு. பிரஷ் கார்பெட் இழையைத் தட்டிப் பிரித்துக் கொடுப்பதால் அவ்வளவு பெரிய வெற்றிடமும் தேவைப்படவில்லை. நியாயமாகச் சொன்னால், வடிகட்டியைத் தாண்டிக் காற்று மட்டும் போகவேண்டும் என்ற தத்துவம் பூத்துடையது. தலையணை உறையும் ஒரு கைக்குட்டைதானே.

பூத் இதனால் துவண்டு போகவில்லை. வாக்யூம் கிளீனர் அவருக்கு ஒரே தொழிலும் இல்லை. ஸ்காட்லாந்தில் கானல் ஃபெர்ரி என்ற பெரிய எஃகுப் பாலத்தை எழுப்பும் பணியையும் அதே 1902, 1903 காலத்தில் மேற்பார்வை செய்தார். கம்பெனி பிற்காலத்தில் கோப்ளின் என்ற பெயரில் வீட்டுக்கான சின்ன மெஷின்களும் விற்றது. கட்டடத்துக்குள்ளேயே குழாய் பதித்து மையத்தில் ஒரு பம்ப் வைக்கிற முறை, தொழிற்சாலைக்கான பெரிய மெஷின்கள் என்று அவர் பலம் அந்தப் பக்கமே இருந்தது. சார்லட் மேரி பியர்ஸ் என்பவரைத் திருமணம் செய்து இரண்டு மகன்கள். எண்பது வயதைத் தாண்டியும் கம்பெனியை விட்டு விலகவில்லை என்கிறார்கள். 1955 ஜனவரி 14-ஆம் தேதி காலமானார். எங்கே தெரியுமா? க்ராய்டனில்!

இதைப் படித்துவிட்டு நான் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்காவுக்கு மறுபடி போன் பண்ணினேன். இந்தத் தடவை வாட்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

வாட்ஸ் என்பது மோட்டார் கரண்டிலிருந்து வாங்குவது. கார்பெட்டுக்குக் கொடுப்பது அல்ல. முனையில் கிடைப்பது அழுத்த வித்தியாசமும் காற்றோட்டமும் பெருக்கி வருகிற திறன். எஃப்.எம். லேபில் நாம் பம்புக்குப் போடுகிற கணக்கேதான். இன்னொன்று, உறிஞ்சுதல் என்று ஒரு விசையே கிடையாது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கிற வளிமண்டலம் தள்ளுகிறது. பூத் இழுத்தார் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, உண்மையில் அவரும் தள்ளத்தான் வைத்தார்! வீட்டு மெஷின் சுமார் 20 கிலோபாஸ்கல் வரை குறைக்கும். அதாவது 2 மீட்டர் உயரத் தண்ணீர். குழாய் வாயைக் கையால் முழுக்க மூடினால் இந்த அளவு வரும், ஆனால் காற்று ஓடாது, வேலை பூஜ்யம். அப்போது மோட்டார் கத்துவதைக் கேட்டு லோடு ஏறிவிட்டது என்று நினைப்போம். அம்மீட்டர் வைத்துப் பாருங்கள், கரண்ட் குறையும். விசிறிக்குத் தள்ளக் காற்றில்லாமல் வேகமெடுக்கிற சத்தம் அது. பை நிரம்பி வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். எத்தனை வாட் இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே அக்காவை முதலில் கேட்கச் சொன்னது பூத்தின் கேள்வி. தூசி எங்கே போகிறது, வெளியே வருகிற காற்று எவ்வளவு சுத்தம்? ஹெபா வகை வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அது மட்டும் போதாது. மூடி, கேஸ்கட் எல்லாம் காற்றுப் புகாமல் இருந்தால்தான் காற்று அந்த வடிகட்டி வழியாகப் போகும். இல்லாவிட்டால் சந்துகள் வழியாக நுண்ணிய பொடி அறைக்கே திரும்பும். மியூசிக் ஹாலில் நடந்தது மாதிரி. பை இல்லாத மெஷின் பார்க்க அழகு, பை வாங்கும் செலவு மிச்சம். ஆனால் டப்பாவைக் குப்பைத் தொட்டியில் தட்டும்போது ஒரு புகை கிளம்பும் பாருங்கள், வீசிங் பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். வாயை மூடி அப்படியே தூக்கி எறிகிற பை நல்லது.

இரண்டாவது, கார்பெட்டுக்கு ஸ்பாங்ளரின் சுற்றுகிற பிரஷ் வேண்டும். வெறும் முனை டைல்ஸுக்குச் சரி. மூன்றாவது, கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பார். வீட்டில் பதிமூன்று படி இருக்கிறது. படியில் ஏற்றச் சிரமமாக இருந்தால் வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிற வேலை மாதத்துக்கு ஒன்றாகிவிடும். பேட்டரி மெஷின் சிந்திய பிஸ்கட்டுக்கு வசதி, ஆனால் நான்கு அறை கார்பெட்டைப் பொறுமையாக எடுக்க ஒயர் வைத்ததே மேல்.

அவள் இன்னொன்று கேட்டாள். தண்ணீரும் சோப்பும் பீய்ச்சி உறிஞ்சிக் கழுவுகிற மெஷின் இருக்கிறதே, அதையே வாங்கிவிட்டால் என்ன? பால் கறைக்கும் மூத்திரக் கறைக்கும் அது வேண்டும்தான். ஆனால் அதுவே வாக்யூமுக்கு மாற்று ஆகாது. பொடியை முதலில் உலர்வாக எடுக்காமல் தண்ணீர் விட்டால் அடியில் சேறாகிவிடும். போட்ட தண்ணீரை முழுக்கத் திரும்ப உறிஞ்சும் மெஷினும் கிடையாது. அந்த ஊர்க் குளிரில் ஜன்னலைச் சாத்திவைத்தால் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். இளையவனுக்கு அது தூசியைவிட மோசம். கனமான மெஷின், வருடத்தில் இரண்டு தடவை தேவை. அதை வாங்கி அடைப்பதைவிட வாடகைக்கு எடுத்துக் கோடையில் செய் என்றேன். சூப்பர் மார்க்கெட்டிலேயே வாடகைக்குக் கிடைக்கிறதாம். யோசித்துப் பார்த்தால் பூத்தின் சிவப்பு வண்டி வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. கனமான மெஷினை எல்லா வீட்டிலும் வைக்க வேண்டாம், அது வீட்டுக்கு வரட்டும் என்று அவர் நினைத்தது அந்த வேலைக்குச் சரிதான். அன்றாட வேலைக்குத்தான் தப்பு.

மெத்தையிலும் கார்பெட்டிலும் வாழ்கிற நுண்பூச்சிகள் இழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், எந்த மெஷினும் எல்லாவற்றையும் எடுத்துவிடாது என்பதையும் சொன்னேன். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா கடைசியில் வாங்கியது பை வைத்த, ஒயர் வைத்த, பார்க்கச் சுமாரான ஒரு மெஷின். கடைக்காரன் அடுத்த விலையில் இருப்பதைத்தான் காட்டிக்கொண்டே இருந்தானாம். மூடி ரப்பரைக் கழற்றிக் காட்டச் சொல்லி அவள் கேட்டதும் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தானாம். முதல் நாளே குழாய் முனையில் மாமாவின் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி ஹாலில் ஒரு சதுர அடியை உறிஞ்சி, போட்டோ எடுத்து அனுப்பினாள். நல்ல கறுப்பு. சின்னவனுக்கு இப்போது ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. மருந்தாலா மெஷினாலா தெரியாது. பெரியவன் மட்டும் மெஷின்மேல் குதிரை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறானாம்.

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை